படகின் முதுகெலும்பு

நான் பௌதிகம் கற்பித்த நாட்களில், பக்க இணைப்புத் தடைகளின் கணக்கைப் போட்டவுடன், "இது எதற்கு ஐயா பயன்படும்?" என்று எவனாவது கேட்பான். கடலில் பயன்படுகிறது.

இக்காலப் படகுகளில் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியை என்.எம்.இ.ஏ. 2000 என்னும் வலையில் இணைக்கிறார்கள். முதுகெலும்பு போன்ற ஒரு வடம். அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் 6 மீட்டருக்கு மிகாத கிளை. மின்சாரமும் செய்தியும் அவ்வொரே வடத்தில் ஓடுவதால் ஜி.பி.எஸ். கருவிக்குத் தனி மின்கம்பி வேண்டுவதில்லை. 12 வோல்ட் மின்கலத்திலிருந்து, ப்யூஸ் வைத்து, முதுகெலும்புக்கு மின்சாரம் ஊட்டினால் போதும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்திற்கு; வெள்ளையும் நீலமும் செய்திக்கு.

முதுகெலும்பின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருத்தல் வேண்டும். இல்லையேல், கரையில் மோதிய அலைபோல் குறிகள் திரும்பி வந்து செய்தியைக் குலைக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெள்ளைக்கும் நீலத்திற்கும் இடையே அளந்து பாருங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 காட்டினால் ஒரு தடை இல்லை. சிறு படகில் ஒன்று குறைந்தாலும் வலை ஓரளவு இயங்கிவிடும்; பிழை மறைந்து கிடப்பது அதனாலேதான். தனக்குள் ஜி.பி.எஸ். இல்லாத படகு வானொலியோ, அபாயப் பொத்தானை அழுத்தும்போது அறிவிக்க வேண்டிய இருப்பிடத்தை இவ்வலையிலிருந்தே பெறுகிறது.