மூச்சுவழி மருந்தும் அதன் அளவும்

சிவபெருமானுக்கு உகந்த மலரெனச் சைவர் போற்றும் ஊமத்தை, யாழ்ப்பாணத்து வேலியோரங்களிலும் வெறுங்காணிகளிலும் தானே முளைத்து நிற்பது. மேனாட்டு மருத்துவ வரலாற்றிலும் அதற்கோர் இடமுண்டு. சென்னையிற் கும்பனியாரின் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் அண்டர்சன், தொய்வு நோயாளர் ஊமத்தை இனமொன்றின் வேரைச் சுங்கானிலிட்டுப் புகைத்தல் நன்றெனக் கூறினார். ஜெண்ட் என்னும் படைத்தலைவர் 1802ஆம் ஆண்டில் அம்முறையைப் பிரித்தானியாவுக்குக் கொண்டு சென்றார். பின்னர் அது ஐரோப்பாவிற் பரவித் தொய்வுச் சிகரட்டுகளாய்க் கடைகளிலும் விலைப்பட்டது.

ஊமத்தையிலுள்ள அற்றோப்பீன் முதலியன சுவாசக்குழாய்த் தசையைத் தளர்த்துவன. அற்றோப்பீனின் வழிவந்த ஐபிறாற்றோப்பியம் என்னும் மருந்து இன்றும் வழக்கில் உண்டு. எனினும் ஊமத்தை நஞ்சு; சிறிது மிகினும் மனமயக்கம் விளைக்கும். ஓரிழுப்பிற் புகுவது எவ்வளவென அளக்க அக்காலத்தார்க்கு வழியில்லை. மருந்து இருந்தது; அளவு இருக்கவில்லை.

அக்குறை நீங்கப் பல்லாண்டுகள் சென்றன. மருந்தகமொன்றின் தலைவரான ஜோர்ஜ் மெயிசன் என்பாரின் இளம் மகள், கூந்தலுக்குத் தெளிக்கும் புட்டியைப் போலத் தன் தொய்வு மருந்தையும் ஏன் ஆக்கலாகாது என வினவினாளாம். 1956இல் அமெரிக்காவில் அளவறிந்து தெளிக்கும் புட்டி வெளிவந்தது.

ஆனால், புட்டியை விட்டு வெளிவந்த மருந்தெல்லாம் நெஞ்சை அடைவதில்லை. ஏறத்தாழ 1 முதல் 5 மைக்கிரோமீற்றர் வரையான துகள்களே நுரையீரலின் உட்கிளைகளுக்குச் செல்வன. பெரியவை தொண்டை வளைவில் மோதித் தங்கிவிடும். மிக நுண்ணியவற்றிற் பல வெளிமூச்சோடு திரும்பும். வைத்தியர் மூக்கிலிடும் நசியத்திற்கோ நிலைமை மறுதலை. மூக்கிலேயே தங்கவேண்டிய மருந்தின் துளிகள் 10 மைக்கிரோமீற்றருக்கு மேற்படுதல் வேண்டும்.

இதனைச் சோதிக்கும் கருவியின் தத்துவம் எளிது. தொண்டையைப் போல வளைந்த குழாயொன்றின் கீழே துளைத்தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும்; கீழே செல்லச் செல்லத் துளைகள் சிறுக்கும். நிமிடத்திற்கு 28.3 இலீற்றர் வீதம் காற்றை இழுத்து மருந்தைத் தெளித்தால், வளைந்து செல்லமாட்டாத கனத்த துகள்கள் மேல்தட்டுகளிற் படியும். நுண்ணியவை காற்றோடு வளைந்து கீழிறங்கும். களத்திற் சூடு தூற்றுகையில் நெல் அருகிலும் பதர் அப்பாலும் விழுதலைக் கண்டோர்க்கு இது புதிதன்று. பின் ஒவ்வொரு தட்டையும் கழுவி மருந்தின் அளவைக் காண்பர். அண்டர்சென் என்பவர் 1958இல் இதனை வெளியிட்டது காற்றிலுள்ள கிருமிகளை எண்ணுதற்கேயாம். மருந்துச்சோதனைக்குப் பிற்காலத்திலேயே வந்தது.

கருவி நன்றாயினும் இழுப்பவர் பிழைத்தால் பயனில்லை. தெளிபுட்டியை அமுக்குங்கால் மெதுவாகவும் ஆழமாகவும் இழுத்துப் பத்து வினாடி மூச்சை அடக்கல் வேண்டும். தூள் மருந்தையோ விரைந்து வலிந்து இழுத்தல் வேண்டும். இவ்விரண்டையும் மாறிச் செய்வோர் பலர். அத்தகையார், மருந்து பலிக்கவில்லையென்று அதனைக் கைவிட்டு, நள்ளிரவில் மூச்சுமுட்டி ஆசுபத்திரிக்கு ஓடும் நிலைக்கு வருவர். மருந்தில்லா வெறும்புட்டியைக் கொண்டு பழக்குதலும், இழுக்கும் வேகத்தைக் காட்டும் சிறுமானியும் இதன்பொருட்டே எழுந்தன.

சிறுவர்க்குப் புட்டிக்கும் வாய்க்குமிடையே ஒரு கூடு பொருத்துதல் நலம். அதன் விலை ஏழைகளுக்கு எட்டாதபோது செய்வதென்ன? தென்னாபிரிக்காவின் கேப்டவுன் வைத்தியர்கள் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் துளையிட்டுப் புட்டியைப் பொருத்திச் சோதித்து, 1999இல் முடிவை வெளியிட்டனர். இடைவெளியின்றி ஒட்டிய போத்தல் விலைகொடுத்து வாங்கிய கூட்டுக்கு இணையாயிற்று. ஒட்டாது விட்ட போத்தல் அதனிற் குறைந்தது. வெறுங்கோப்பை யாவற்றிலும் பின்தங்கிற்று.