சோலை வரியும் சோலையும்

கார்த்திகை மழை பிடித்துக்கொள்ளும் வேளையிலேதான் எமது பிரதேச சபைகளில் மறு ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் உருவாகின்றது. வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருப்பதாக ஓர் அறிவித்தல் வெளியாகும். அதனைப் பார்க்கச் செல்வோர் எத்தனை பேர்? நாமும் பல்லாண்டு காலம் சென்றதில்லை. குடியியல் கற்பிக்கும் ஆசிரியர் இதனை ஒப்புக்கொள்ள நாணவே வேண்டும்.

எம்மை நாணச் செய்தவன் ஒரு மாணவன். உள்ளூராட்சி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. தெருவிளக்கு, வடிகால், சந்தை, கழிவகற்றல் என்று சபையின் கடமைகளைக் கரும்பலகையில் எழுதினோம். "சேர், நாங்கள் விளையாடுகிற இடம் எந்தத் தலைப்பில் வரும்?" என்று அவன் எழுந்து கேட்டான். அவன் விளையாடுவது ஒழுங்கையில். மோட்டார்ச் சைக்கிள் வந்தால் பந்தைக் கையிலெடுத்துக்கொண்டு வேலியோரம் ஒதுங்குவான். அத்தகைய விளையாட்டுக்குத் தலைப்பேது?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப்பயன் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றோடு மக்களின் சௌகரியத்தையும் நலனையும் பேணும் பொறுப்பையும் சபையிடமே ஒப்படைத்துள்ளது. மரநிழலும் விளையாட்டிடமும் அந்தச் சௌகரியத்துள் அடங்கும். ஆயின், சட்டத்திலே இடமிருப்பது வேறு. கணக்கேட்டிலே பணமிருப்பது வேறு.

எம்மவர் ஆதன வரியைச் 'சோலை வரி' என்று வழங்குவர். பெயரிலே மட்டும் சோலை இருக்கின்றது. அவ்வரியும், சந்தைக் குத்தகையும், உரிமக் கட்டணங்களும், நீதிமன்றத் தண்டப்பணமும், காணி கைமாறும்போது கிடைக்கும் முத்திரைத் தீர்வையுமே ஒரு கிராமப்புறச் சபையின் சொந்த வருவாய். அது வீதியில் குழி மூடவும் குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றவும் போய்விடும். எஞ்சியதில் பூங்கா கேட்பவன், பசித்திருப்பவனிடம் பூமாலை கேட்பவன் போலாகின்றான். கேட்பவன் குழந்தையாயிருப்பின் அவனுக்கு வாக்குமில்லை.

முன்னாளில் இக்குறை இவ்வளவு தெரியவில்லை. கோயில் வெளிவீதி இருந்தது, கேணிக்கரை இருந்தது, சுமைதாங்கியருகே மருத நிழலோ ஆல நிழலோ இருந்தது. சனசமூக நிலையம் ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் ஒரு துண்டு வெளியை வைத்திருந்தது. எனினும் பழைமையைப் பாடிக்கொண்டிருக்க எமக்கு விருப்பமில்லை. கோயில் வெளி எல்லாருக்கும் ஒத்த உரிமையுள்ள இடமாக இருந்ததில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை இப்பகுதி முதியோர் அறிவர். எவர் வீட்டுப் பிள்ளையும் எவரையும் கேளாமல் காலெடுத்து வைக்கும் இடம் சபையின் இடமே. ஆதலாற்றான் அது வேண்டுமென்கிறோம்.

பாடசாலைகள் தம்மால் இயன்றதைச் செய்தன. 1816இல் அமெரிக்க மிசன் தொடக்கிய பாடசாலையின் வழிவந்த யூனியன் கல்லூரியும், பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் நிறுவிய மகாஜனக் கல்லூரியும் தெல்லிப்பழையின் இரு கண்கள். மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்டத்தில் அகில இலங்கையிலும் பெயர் பெற்றவர்கள். ஒரு மைதானம் என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டா. ஆனால் பாடசாலைப் படலை மாலையில் சாத்தப்படும். பள்ளிப் பருவம் கடந்தவர்க்கும், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்க்கும், கோலூன்றி நடக்கும் முதியோருக்கும் அங்கே இடமில்லை.

இனி, எமது ஊருக்கே உரிய கதைக்கு வருவோம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது நாம் பத்து வயதுப் பாலகர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகள் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் வந்தது; காணிச் சொந்தக்காரர் பலர் நீதிமன்றம் சென்றனர். பின்னர் கட்டங்கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. 2015 சனவரியில் காங்கேசன்துறை வரை புகையிரதமும் மீண்டும் ஓடிற்று. விடுவித்த காணிக்கு மக்கள் உறுதியும் கையுமாக ஓடிவந்தார்கள். பற்றைக்குள் கிணற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அளந்து வீட்டு அத்திவாரத்தைக் கண்டுபிடித்தார்கள். விளையாட்டு வெளிக்கு அவ்வாறு ஓடிவர யார் இருக்கிறார்கள்? அதற்கு உறுதி வைத்திருந்த கிராமச் சபை 1981இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. பிள்ளைப் பருவத்தில் அங்கே விளையாடியவர்களுட் பலர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். இடம் மாத்திரம் அநாதையாகக் கிடக்கின்றது. அயல் வேலி ஆண்டுக்கு ஒரு முழமாக நகர்கின்றது.

நாம் விளையாடிய வெளியும் அத்தகையதே. நாலு பரப்பு இருக்கலாம்; ஒரு மூலையில் இரட்டைப் பனை. திரும்பிவந்து பார்த்தபோது பனை இரண்டும் இல்லை. உடைமரம் அடர்ந்து, உள்ளே செல்லவும் வழியில்லாதிருந்தது.

சட்டம் துணை செய்யாதா என்று கேட்பீர்கள். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986ஆம் ஆண்டு விதிகளின்படி, அதன் ஆளுகைப் பகுதிகளிலே ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்து விற்பவர், வீதி நீங்கலாகப் பத்திலொரு பங்கைப் பொதுத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்கவேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலும் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் இதே பங்கை உள்ளூராட்சி மன்றத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். நல்ல விதிதான். ஆனால் யாழ்ப்பாணத்திலே காணி கைமாறுவது இரண்டு பரப்பும் மூன்று பரப்புமாக அல்லவா? ஒரு ஹெக்டயரை எட்டும் காணி அருமை. விதி வலையாயிருக்க, மீன்கள் சிறியனவாய் நழுவுகின்றன. ஆகையால் புதிதாக வெளி கிடைக்குமென்று காத்திராமல், இருக்கும் பொதுக்காணியை அளந்து பதிவதே எமக்கு முதல் வேலை.

அடுத்தது பராமரிப்பு. இங்கேதான் பல சபைகள் வழுக்கி விழுகின்றன. ஒரு பூங்கா நாம் அறிவோம். எந்தச் சபைக்குரியதென்று சொல்லமாட்டோம். நாடா வெட்டினார்கள், படம் பிடித்தார்கள். இரண்டாம் ஆண்டில் ஊஞ்சற் சங்கிலி அறுந்தது. மூன்றாம் ஆண்டில் படலைக்குப் பூட்டு. காரணம் எளிது. கட்டும் பணம் மூலதனச் செலவு. அது நன்கொடையாக வந்தது. காவலாளி சம்பளமும், தண்ணீரும், புல்வெட்டும் மீண்டுவரும் செலவு. அதற்கு எவரும் நன்கொடை தருவதில்லை, அதிலே பெயர்ப் பலகை நாட்ட முடியாதாகையால். 1859இல் காலிமுகத்திடல் நடைபாதையை முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக அதனைத் தமக்குப் பின்வருவோர் பேணவேண்டுமென்று கல்லிற் பொறித்தார். பின்வருவோரின் செலவை அவர் நினைத்திருந்தார்.

வரவு செலவுத் திட்டம் என்றாலே ஆசனச் சண்டை என்று மக்கள் எண்ணுவதிலும் வியப்பில்லை. 2020 திசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையில் அது இருமுறை தோற்று, முதல்வர் பதவியிழந்தார். அவ்வேளையில் எந்தப் பூங்காவுக்கு எவ்வளவு என்று கேட்டவர் எத்தனை பேரோ! பிரேசில் நாட்டின் போர்த்தோ அலெக்ரே நகரத்தார் 1989 முதல் அயலயலாகக் கூடி, நகரப் பணத்தின் ஒரு பகுதி எதற்குப் போகவேண்டுமென்று தாமே வரிசைப்படுத்தினார்கள். கேரளத்திலே 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்டப் பணத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளூராட்சிகளிடம் கொடுத்து, கிராம சபைகளிற் பேசவைத்தது. அவை எல்லாக் குறையும் தீர்த்தன என்று சொல்லோம். கேட்கும் பழக்கத்தை உண்டாக்கின.

எமது சபைகளில் 2023 மார்ச்சுடன் உறுப்பினர் காலம் முடிந்து, ஈராண்டுக்கு மேல் செயலாளர்களே நிர்வகித்தனர். 2025 மே 6இல் தேர்தல் நடந்து, மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் வந்துள்ளனர். கேட்பதற்கு ஆள் இருக்கும் காலம் இது.

ஆதலின் மாணவரும் நாமும் ஒரு மனு எழுதினோம். புதுப் பூங்கா கேட்கவில்லை. அந்த நாலு பரப்பை நில அளவையாளரைக் கொண்டு அளந்து சபையின் ஆதன இடாப்பிற் பதிதல், பற்றை வெட்டல், வேம்பும் மருதும் நடல், வாரத்துக்கு இரு நாள் ஒரு தொழிலாளி — இவ்வளவே. பெண் பிள்ளைகள் இன்னொன்று சேர்த்தார்கள்: படலை வீதியிலிருந்து தெரியும்படி இருக்கவேண்டும், ஒரு விளக்கும் வேண்டும். எமக்குத் தோன்றாத நியாயம் அது.

மனுவோடு வரைபடம் இணைக்கவேண்டுமென்றார் ஓர் உத்தியோகத்தர். எண்பது கடந்த பெரியவர் ஒருவரைத் துவிச்சக்கர வண்டியில் இருத்தி, மாணவர் உருட்டிக்கொண்டு சென்றார்கள். உடைமரத்துள் கைத்தடியால் தட்டித் தட்டி எல்லைக்கற்கள் இரண்டை அவர் காட்டினார். மற்றை இரண்டையும் இந்தச் சனிக்கிழமை தேடப்போகிறோம்.