கைநாட்டுக்குப் பெயர் கேட்கும் கூகுள்

வரும் 2026 செப்டம்பர் முதல் சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, பிரேசில் ஆகிய நான்கு நாடுகளில், தன்னிடம் பெயரையும் அடையாளத்தையும் பதிவு செய்துகொள்ளாதவர் இயற்றிய செயலியைத் தன் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வழக்கம்போல் நிறுவ இயலாது என்று கூகுள் அறிவித்ததிலிருந்து, மாசாய், ஸ்கூடாய், கூலாய் என்று ஜொகூரின் பல பகுதிகளிலிருந்தும் எமக்கு வரும் கடிதங்களில் ஒரே கலக்கம் காணப்படுகிறது. விடியுமுன்னே பாலத்தைக் கடந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கு வேலைக்குச் செல்லும் வாசகர்கள், தங்கள் கைப்பேசியில் எது நிற்கும், எது போகும் என்று வினவுகிறார்கள். அக்கடிதங்களுள் ஒன்று மட்டும் மூலாதாரமான கேள்வியொன்றை எழுப்பியிருந்தது: இணையத்தில் தேடித் தரும் தொழிலில் பிறந்த ஒரு ஸ்தாபனத்துக்கு, கைப்பேசியின் முகப்பை வகுக்கும் தகுதி எங்கிருந்து வந்தது?

அலட்சியமாக ஒதுக்கத்தக்க கேள்வியன்று அது. 2013 ஏப்ரலில் ஃபேஸ்புக் நிறுவனம், பூட்டுத்திரை முதற்கொண்டு கைப்பேசியின் முகப்பு முழுவதையும் நண்பர்களின் படங்களாலும் செய்திகளாலும் நிரப்பும் 'ஹோம்' என்ற ஏற்பாட்டைச் செய்து, அதற்கென்றே எச்டிசி ஃபர்ஸ்ட் என்ற கருவியையும் சந்தைக்கு அனுப்பியது. அமெரிக்காவில் ஒப்பந்தச் சந்தாவுடன் 99 டாலருக்கு வந்த அக்கருவி, ஒரே மாதத்தில் 99 சென்டுக்கு இறங்கியது. வீட்டுக்குப் பேசவும் மணி பார்க்கவும் கைப்பேசியை எடுப்பவருக்கு, நிறுவனத்தின் பக்கத்தையே உலகமாகக் காட்டியதுதான் அத்தோல்வியின் காரணம். கூகுளும் பிறவியிலேயே இக்கலையை அறிந்ததன்று. 2005-இல் ஆண்ட்ராய்டை விலைக்கு வாங்கி, விசைப்பலகை பொருந்திய கைப்பேசியை மனத்திற்கொண்டு உழைத்து, 2007-இல் ஐபோனைக் கண்டபின் திட்டத்தை மாற்றி, 2008-இல் முதல் கருவியை வெளியிட்டு, 2010-இல் பாம் நிறுவனத்திலிருந்து மத்தியாஸ் டுவார்டே என்ற வடிவமைப்பாளரை அழைத்துவந்து, 2014-இல் 'மெட்டீரியல் டிசைன்' என்ற ஒழுங்கை வகுத்த பின்னரே அதன் திரைக்கு ஒரு லட்சணம் வாய்த்தது என்பது என் அபிப்பிராயம். அதற்கு முன்பே சந்தை அதன் வசமாகிவிட்டிருந்தது. மூலநிரலை இலவசமாக வழங்கிவிட்டு, பிளே ஸ்டோர் வேண்டுமாயின் தேடல் செயலியையும் குரோமையும் சேர்த்தே நிறுவவேண்டும் என்று தயாரிப்பாளர்களை நிர்ப்பந்தித்த ஒப்பந்தங்களே அதற்குத் துணைநின்றன. அதற்காக ஐரோப்பிய ஆணையம் 2018-இல் விதித்த 434 கோடி யூரோ அபராதத்தை, 2022-இல் நீதிமன்றம் 412.5 கோடியாகக் குறைத்ததே தவிர நீக்கவில்லை.

புதிய விதியின் யுக்தி நுட்பமானது. அதில் சற்று நிதானித்து நிற்கவேண்டும். ஆண்ட்ராய்டுச் செயலி ஒவ்வொன்றும் அதை இயற்றியவரின் இரகசியத் திறவுகோலால் ஒப்பமிடப்பட்டே வெளிவரவேண்டும் என்பது தொடக்க காலம் முதலே இருந்துவரும் நியதி. இன்று நிறுவிய செயலிக்கு நாளை புதுப்பிப்பு வரும்போது, அது அதே கையிலிருந்துதான் வந்ததா என்று கைப்பேசி ஒத்துப்பார்க்கும்; வேறொருவரின் ஒப்பமாயின் மறுத்துவிடும். அந்தக் கைக்கு உரியவர் யார், அவர் ஊர் எது என்று இந்த நியதி கேட்டதேயில்லை. தாமே உண்டாக்கிக்கொண்ட சான்று போதுமானதாயிருந்தது. நம் ரப்பர் தோட்டங்களில் எழுத்தறியாத முதியோர் சம்பள நாளில் வைத்த கைநாட்டை நினைத்துப் பாருங்கள்: ரேகையை மட்டும் பார்த்தால், சென்ற மாதம் வந்தவரே இம்மாதமும் வந்திருக்கிறார் என்பது தெரியும், அவர் பெயர் தெரியாது. கூகுள் இப்போது புதிய பூட்டு எதையும் செய்யவில்லை. ரேகைக்கு எதிரே பெயரை எழுதும் ஏடொன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அவ்வேட்டில் இல்லாத ரேகையை நிறுவும் வேளையிலேயே தடுக்குமாறு கருவியைப் பணிக்கிறது. செயலி வேறொரு கடையிலிருந்து வந்தாலும், இயற்றியவரின் சொந்த இணையதளத்திலிருந்து வந்தாலும், விதி ஒன்றே. திரையில் தோன்றும் சிறு பொத்தானொன்றை அழுத்தவிடுவதா வேண்டாமா என்பது, இனி அந்த ஏட்டை வைத்திருப்பவரின் அதிகாரம்.

இதற்குக் கூகுள் கூறும் நியாயம் பாதுகாப்பு. பிளே ஸ்டோரில் உள்ளதைவிட இணையத்திலிருந்து நேரே இறக்கப்படுபவற்றில் தீய செயலிகள் 50 மடங்குக்கு மேல் என்கிறது. தன் கடையையும் பிறர் கடையையும் தானே அளந்து தானே தீர்ப்பளித்த கணக்கு அது என்பதை வாசகர் மறக்கலாகாது. ஆயினும் ஆபத்து மெய்யானதே. வீடு துப்புரவு செய்ய மலிவான ஆள் அனுப்புவதாகக் கூறி ஏபிகே என்ற செயலிக் கோப்பை நிறுவச் செய்து, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைப் பெற்று, வங்கியின் ஒருமுறைக் கடவெண்ணைக் கவர்ந்து சேமிப்பைத் துடைத்தெடுக்கும் மோசடி மலேசியக் குடும்பங்கள் பலவற்றை வருத்தியிருக்கிறது. ஆனால் பெயர் தெரிந்தவர் யோக்கியர் என்பதற்கு அந்த ஏட்டில் ஆதாரமில்லை. பிறர் பெயரை விலைக்கு வாங்கத் தயங்காத திருடர் இதற்கும் தயங்கார். தன்னார்வலர் நடத்தும் எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் களஞ்சியமோ, இவ்விதி தன் முடிவாகிவிடும் என்று 2025 செப்டம்பரிலேயே முறையிட்டது. கைப்பேசியில் தமிழ் எழுதும் வசதியைப் பெருநிறுவனங்கள் தருமுன்பே, 2005-இல் சிங்கப்பூரில் வெளியீடு கண்ட செல்லினம் என்ற செயலியின் வாயிலாக அதைத் தந்தவர் மலேசியரான முத்து நெடுமாறன் என்பதை அறிந்த நமக்கு, சிறிய கைகளுக்கு வாயில் குறுகுவது கவலை தரும் விஷயமே.

ஆகவே அந்த வாசகருக்கு என் விடை: இணைய நிறுவனமும் கைப்பேசியின் முகப்பை வகுப்பதில் வெல்லலாம், கூகுள் வென்றது; ஆனால் அவ்வெற்றியில் சித்திரக்காரரின் பங்கைவிட வாயிற்காவலரின் பங்கே பெரிது.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மலேசியாவுக்கு எப்போது? 2027 முதல், பிற நாடுகளோடு படிப்படியாக.

பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குபவர் செய்யவேண்டியது என்ன? ஒன்றுமில்லை.

கூகுள் சேவை இல்லாத ஹுவாவெய்? சான்று பெறாத கருவி, விதி பொருந்தாது.

ஐபோன்? இதனால் மாற்றமில்லை.

செயலி செய்து பழகும் மாணவர்? குறைந்த எண்ணிக்கைக் கருவிகளுக்கு மட்டும் செல்லும் கட்டணமற்ற கணக்கு உண்டு.

பதிவில்லாததை நிறுவ வழியே இல்லையா? எதிர்ப்புக்குப் பின், எச்சரிக்கைகளைக் கடந்து நிறுவும் தனி வழியொன்றைப் பட்டறிவுள்ளோருக்குத் தருவதாகக் கூகுள் 2025 நவம்பரில் கூறியது.

செப்டம்பருக்காகக் காத்திராமல், முன்பின் அறியாதவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏபிகே கோப்பை இன்றே மறுத்துவிடுங்கள். பணம் பறிபோனதாக ஐயுற்றால், ஒரு கணமும் தாமதியாமல் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்ற எண்ணில் அழையுங்கள்.