நெய்வேலியின் முதல் அனல்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் ஆண்டுக்கணக்காகத் தீயைத் தாங்கிய செங்கல் வெடிக்கத் தொடங்கினால், அதைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வூருக்கு அண்மையிலுள்ள நெய்வேலியில், சோவியத் நாட்டின் துணையோடு எழுப்பப்பெற்று, 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து, 50 மெகாவாட் இயந்திரங்கள் ஆறும் 100 மெகாவாட் இயந்திரங்கள் மூன்றுமாக 600 மெகாவாட் வரை வளர்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழகத்துக்கு ஒளியும் சக்தியும் ஈந்த முதலாம் அனல் மின் நிலையத்துக்கும் அக்காலம் வந்தது. 2020இல் அது ஓய்வு பெற்றது.

பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி நீராதலால், அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் ஒரு பகுதி விரயமாகிறது. முதுமையுற்ற கொதிகலன்களில் வெப்ப விரயம் இன்னும் மிகுதி. எனவே 500 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு கொண்ட புதிய நிலையம் பழைய நிலையத்தின் ஸ்தானத்தை ஏற்றது. ஆயினும் அதுவும் அதே கரியைத்தான் எரிக்கிறது. இதை மாற்றம் என்று சொல்ல என் மனம் இசையவில்லை.

மூடிய நிலையத்தின் மெய்யான செல்வம், கொதிகலனன்று. அங்கு வந்து கூடும் மின்கம்பித் தடங்களும் பரந்த நிலமும், யாவற்றினும் மேலாக அனுபவம் முதிர்ந்த தொழிலாளருமே. கனடாவின் நான்டிகோக்கில், 2013இல் கரி எரிப்பதை நிறுத்திய பெரிய நிலையத்தின் இடத்தில், 2019இல் 44 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. முன்னிருந்த பெருந்திறனுக்கு அது சிறு துளியே எனினும், வழி புலப்படுகிறது.

நெய்வேலியின் ஏனைய நிலையங்கள் முதுமையடையும் முன்னரே, ஒப்பந்தத் தொழிலாளருக்குப் புதுத்தொழிற் பயிற்சியை அரசு தொடங்க வேண்டும்.