கப்சாய்க்கு எந்த எண்ணெய்? விலையைப் பார்க்கும் முன் போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள்

தோட்டமானாலும் பட்டணமானாலும் நம்மில் பலருடைய குடும்பம் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிளை நம்பித்தான் ஓடுகிறது. காலையில் வேலைக்கு, பிறகு பிள்ளையைப் பள்ளியில் விட, மாலையில் சந்தைக்கு என்று எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான். உணவும் பொட்டலமும் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கும் இளைஞர்களுக்கு அதுவே தொழில் கருவி. அந்த வண்டி ஒரு வாரம் பட்டறையில் கிடந்தால், பழுதுச் செலவோடு ஒரு வார வருமானமும் போகும்.

ஆனால் அதற்குள் ஊற்றும் எண்ணெயைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. "மினியாக் ஹித்தாம் மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையில் தே தாரிக் குடிக்கப் போய்விடுகிறோம். காருக்கு வாங்கி மீந்த எண்ணெயையோ டிராக்டருக்கு வந்த எண்ணெயையோ மோட்டாருக்கு ஊற்றுகிறவர்களும் உண்டு. எண்ணெய் எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்புதான் காரணம். அது சரியல்ல.

ஒரே எண்ணெய், மூன்று வேலை

காரில் என்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறோர் எண்ணெய். கிளட்ச் பெடல் உள்ள கார்களில் கிளட்ச் தகடு பொதுவாக எண்ணெய் படாமல் காய்ந்த நிலையில் வேலை செய்கிறது. கப்சாயில் அப்படிப் பிரிவு கிடையாது. என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன. அந்த எண்ணெயும் பெரும்பாலான கப்சாய்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர், அல்லது அதற்கும் குறைவு.

கிளட்ச் பிடி இல்லாத ஹோண்டா ஈ.எக்ஸ்.5 போன்ற வண்டிகளில் கிளட்சே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கையால் பிடிக்கும் பிடிதான் இல்லை. கிளட்ச் உள்ளே எண்ணெயில்தான் இருக்கிறது.

இங்கேதான் சிக்கல். என்ஜினுக்கு வழவழப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. கிளட்சுக்கோ தகடுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். பெட்ரோல் மிச்சமாவதற்காகப் பல கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் இரசாயனம் சேர்க்கிறார்கள். அது கப்சாயின் கிளட்ச் தகட்டில் ஏறினால் தகடு வழுக்கும். என்ஜின் கத்தும்; வண்டி இழுக்காது. பின்னால் ஆள் ஏற்றி மேட்டில் போகும்போதோ, நெடுஞ்சாலையில் லோரியை முந்தும்போதோ இப்படி நடந்தால் ஆபத்து. எண்ணெயை மாற்றிய பிறகும் வழுக்கல் நிற்காவிட்டால் கிளட்ச் தகட்டையே மாற்ற வேண்டி வரும்.

தேட வேண்டிய இரண்டு எழுத்து

இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பானிய வாகனத் தரநிலை அமைப்பு, நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்குத் தனித் தரம் வகுத்தது. அந்த அமைப்பின் சுருக்கப் பெயர் ஜாசோ. போத்தலின் பின்பக்கம் ஒரு சிறிய கட்டத்துக்குள் பதிவு எண்ணும் அதனோடு எம்.ஏ. அல்லது எம்.பி. என்ற எழுத்தும் இருக்கும்.

எம்.ஏ. என்றால் எண்ணெயில் ஊறும் கிளட்சுக்கு ஏற்ற உராய்வு உள்ளது என்று பொருள். 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதை எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று மேலும் பிரித்தார்கள். எம்.ஏ.2-இல் பிடிப்பு கூடுதல். கியர் போடும் கப்சாய்க்கு இந்த மூன்றில் ஒன்று வேண்டும்.

எம்.பி. என்றால் உராய்வு குறைந்த எண்ணெய். இது கியர் போடாத ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டருக்கு. அவற்றின் கிளட்ச் எண்ணெய்க்கு வெளியே, பெல்ட் இருக்கும் பக்கத்தில் உள்ளது. வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு கப்சாயும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே போத்தலை வாங்கி வந்துவிடாதீர்கள்.

தோட்டங்களிலும் சுற்றுலா இடங்களிலும் ஓடும் ஏ.டி.வி. எனப்படும் நான்கு சக்கர மோட்டாருக்கும் இதே கணக்குதான். கியர் போடும் ஏ.டி.வி.யில் கிளட்ச் எண்ணெயில் ஊறுவதால் எம்.ஏ. வேண்டும். பெல்ட்டில் ஓடும் ஏ.டி.வி. என்றால் கவனம் தேவை. சிலவற்றில் கிளட்ச் காய்ந்தது, சிலவற்றில் எண்ணெயில் ஊறுவது. அந்த வண்டியின் கையேட்டைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

ஒரே நிறுவனத்தின் பெயர் இருந்தால் போதும் என்றும் இருக்க வேண்டாம். பெட்ரோனாஸ் சிந்தியம் காருக்கு. ஸ்பிரிந்தா மோட்டார் சைக்கிளுக்கு. ஷெல் ஹீலிக்ஸ் காருக்கு. ஷெல் அட்வான்ஸ் மோட்டார் சைக்கிளுக்கு. லோரி, டிராக்டர் எண்ணெய் டீசல் என்ஜினை மனத்தில் வைத்துச் செய்தது. அதில் ஜாசோ எம்.ஏ. முத்திரை இல்லையென்றால் கப்சாய்க்கு ஊற்றாதீர்கள். புல் வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கும் 2டி எண்ணெய் பெட்ரோலோடு கலந்து எரிவதற்கானது. கப்சாய்க்கு வேண்டியது 4டி.

10டபிள்யூ-40 என்றால் என்ன?

இந்த எண்கள் எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்கின்றன. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். முதல் எண் கடுங்குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதற்கு. 10டபிள்யூ எண்ணெயைச் சோதிப்பது உறைநிலைக்குக் கீழே 25 பாகையில். கேமரன் மலையில்கூட அப்படிக் குளிர் வராது. நம் நாட்டில் முக்கியம் இரண்டாவது எண். அது 100 பாகைச் சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைக் காட்டும். 30-ஐ விட 40 கெட்டி.

அதற்காக எல்லாருக்கும் 40 என்று சொல்லிவிட முடியாது. சில வண்டிகளின் கையேடு 10டபிள்யூ-30 கேட்கும், சிலவற்றில் 10டபிள்யூ-40 என்றிருக்கும். தயாரிப்பாளர் சொன்னதை ஒட்டியே வாங்குங்கள். கையேடு தொலைந்திருந்தால் அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் மாடலைச் சொல்லிக் கேட்கலாம்.

ஏ.பி.ஐ. என்ற வட்ட முத்திரையும் சில போத்தல்களில் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஆற்றல் சேமிப்பு அல்லது வளச் சேமிப்பு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் கப்சாய்க்கு அந்த எண்ணெய் வேண்டாம். ஹோண்டாவின் கையேடுகளே இதைத் தவிர்க்கச் சொல்கின்றன.

விலை கூடினால் நல்லதா?

மினரல், செமி சிந்தெடிக், முழு சிந்தெடிக் என்று மூன்று வகை உண்டு. சிந்தெடிக் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்ற பேச்சு பட்டறைகளில் உண்டு. வழுக்க வைப்பது சிந்தெடிக் அல்ல, உராய்வைக் குறைக்கும் இரசாயனம். எம்.ஏ. முத்திரை இருந்தால் முழு சிந்தெடிக்கும் பாதுகாப்பானதே. அது சூட்டை நன்றாகத் தாங்கும். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்களுக்குப் பயன் தெரியும். வீட்டுக்கும் வேலைக்கும் நிதானமாகப் போய்வரும் வண்டிக்குக் கையேடு கேட்கும் தரத்தில் மினரலோ செமியோ போதும். விலை கூடிய எண்ணெயை ஊற்றிவிட்டு மாற்ற மறப்பதைவிட, மலிவானதை ஒழுங்காக மாற்றுவது நல்லது.

கப்சாய் என்ஜின் நிமிடத்துக்கு 6,000, 7,000 சுற்று சாதாரணமாகச் சுற்றும். கியர் பற்களும் எண்ணெயை நசுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் எண்ணெய் சீக்கிரம் இளகிவிடும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். செம்மண் தூசியிலும் சேற்றிலும் பாரம் ஏற்றி ஓட்டுகிறவர்கள் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

எண்ணெய் அளவைப் பார்க்க, என்ஜினைச் சில நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு, அளவுக் குச்சியைத் துடைத்து நுழையுங்கள். பெரும்பாலான கப்சாய்களில் குச்சியைத் திருகக் கூடாது. வெறுமனே வைத்து எடுக்க வேண்டும். திருகினால் அளவு கூடுதலாகக் காட்டும். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை முதலில் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.

வாங்கும்போதும் மாற்றிய பிறகும்

போலி எண்ணெயும் சந்தையில் உண்டு. மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கண்ணெதிரே திறந்து ஊற்றச் சொல்லுங்கள். நம்ப முடியாத மலிவு விலை என்றால் வேண்டாம். சந்தேகம் வந்தால் ரசீதோடும் போத்தலோடும் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யலாம்.

வீட்டிலேயே எண்ணெய் மாற்றுகிறவர்கள் பழையதைக் கால்வாயிலோ வேலியோரப் புல்லிலோ ஊற்றக் கூடாது. நம் நாட்டுச் சட்டத்தில் பயன்படுத்திய என்ஜின் எண்ணெய் எஸ்.டபிள்யூ.305 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக உள்ளது. காலிப் போத்தலில் ஊற்றி மூடி, வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது தே தாரிக் ஐந்து நிமிடம் காத்திருக்கட்டும். பட்டறைக்காரரிடம் போத்தலை வாங்கிப் பின்பக்கம் திருப்பி மூன்றைப் பாருங்கள்: ஜாசோ எம்.ஏ. இருக்கிறதா, கையேடு சொன்ன கெட்டித்தன்மைதானா, மூடி உடையாமல் இருக்கிறதா. மூன்றும் சரியாக இருந்தால் அதன் பிறகு விலையைக் கேளுங்கள்.