திண்டிவனம் ரோட்டில் 'ஸ்பீடு கன்': காட்டும் கணக்கு சரிதானா?

விழுப்புரம்,

சுடாது, சத்தம் வராது. ஆனால் குறி வைத்தால் ஆயிரம் ரூபாய் 'காலி'!

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாகப் போகும் நாற்கர சாலையில் கார்களும், லாரிகளும், ஆம்னி பஸ்களும் பறக்கின்றன. இதுபோன்ற சாலைகளில் வேகத்தை அளக்க போலீசார் நீட்டுவதுதான் 'ஸ்பீடு கன்' என்ற துப்பாக்கி.

"நான் எண்பதுலதான் வந்தேன் சார்! உங்க மெஷினுதான் கோளாறு!" பிடிபட்ட டிரைவர்கள் பாடும் வழக்கமான பாட்டு இது. "மெஷின் பொய் சொல்லுமாய்யா?" என்பது போலீஸ் பதில். எது நிஜம்?

ரெயில் ஊதல்

முண்டியம்பாக்கம் பக்கம் ரெயில் பாதை ஓரமாக நின்று கேட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். நம்மை நோக்கி வரும் எக்ஸ்பிரஸ் கீச்சென்று ஊதும். தாண்டிப் போனதும் அதே ஊதல் கம்மிப் போகும். இதன் காரணத்தை 1842-ல் சொன்னவர் ஆஸ்திரியா விஞ்ஞானி டாப்ளர்.

ரேடார் துப்பாக்கி ஊதலுக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்புகிறது. ஒரு வகையில் வினாடிக்கு 2,415 கோடி அதிர்வு! எதிரே 100 கி.மீ. வேகத்தில் வரும் காரில் பட்டுத் திரும்பும்போது அதில் சுமார் 4,470 அதிர்வு கூடியிருக்கும். அந்தக் கூடுதலை எண்ணித்தான் வேகம் சொல்கிறது. இந்தக் கணக்கில் தப்பு வருவது அபூர்வம். தகராறு வேறு இடத்தில்.

மரம் ஓடியது!

1979-ல் அமெரிக்காவின் மியாமியில் டெலிவிஷன்காரர்கள் ரேடாரைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு மரம் மணிக்கு 86 மைல், அதாவது 138 கி.மீ. வேகத்தில் 'ஓடியது'! ஒரு வீடு 28 மைலில் 'நகர்ந்தது'! அங்குள்ள கோர்ட்டு ரேடார் சாட்சியத்தை ஏற்க மறுத்துவிட்டது.

ரேடார் அலை டார்ச் வெளிச்சம்போல விரிகிறது. 300 மீட்டர் தூரத்தில் 60 மீட்டர் அகலம்கூட ஆகிவிடும். முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் லாரி வந்தால் பெரிய எதிரொலி லாரியுடையதுதான். லாரியின் வேகத்துக்கு பைக்காரர் தண்டம் கட்டும் ஆபத்து உண்டு.

ஆகவேதான் பல இடங்களில் லேசர் துப்பாக்கி வந்துவிட்டது. அதன் ஒளிக்கற்றை 300 மீட்டரில் சுமார் ஒரு மீட்டர்தான் விரியும். குறிப்பிட்ட வண்டியின் நம்பர் பிளேட்டையே குறி வைக்கலாம். ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அடுத்தடுத்து அளந்து, தூரம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று கணக்கிடும். கை நடுங்கி, குறி கண்ணாடியிலிருந்து பானெட்டுக்கு வழுக்கினால் இதிலும் பிசகலாம்.

சாலை ஓரத்தில் ஒதுங்கி, சாய்வாகப் பிடித்தால்? வேகம் குறைவாகவே காட்டும். 30 டிகிரி சாய்ந்தால் 100 கி.மீ. வேகம் 87 ஆகிவிடும். டிரைவருக்கு லாபம்தான்!

தராசுக்கு உள்ள முத்திரை

சாலையில் சோதிக்கும்போது 100 கி.மீ. வரை 3 கி.மீ. கூடலாம், குறையலாம் என்பது சர்வதேச அளவியல் அமைப்பின் வரம்பு. 100-க்கு மேல் 3 சதவீதம். மளிகைக் கடைத் தராசுக்குப் போல, ரேடார் வேகமானிக்கும் எடையளவுத் துறை சோதனையும் முத்திரையும் வேண்டும் என்ற விதி 2025 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. ரொம்பத் தாமதம்!

மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவுப்படி, "வேகமாப் போனான்" என்று ஒரே ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னது மட்டும் தண்டிக்கப் போதாது. கருவி அளந்திருக்க வேண்டும். எலக்ட்ரானிக் கண்காணிப்புக்கு 2021-ல் வந்த விதி இன்னும் கறார்: கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த சான்றிதழ், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை, 15 நாளில் நோட்டீஸ்.

100 கி.மீ. எல்லையில் கருவி 102 காட்டினால் வாதாட இடம் உண்டு. 125 காட்டிய பிறகு 'மெஷின் கோளாறு' எடுபடாது. 2019 திருத்தப்படி காருக்கு ஆயிரம் முதல் 2 ஆயிரம், லாரி, பஸ்சுக்கு 2 ஆயிரம் முதல் 4 ஆயிரம் ரூபாய் அபராதம். இரண்டாம் முறை சிக்கினால் லைசென்சே பறிமுதல்.