சின்ன கார், பெரிய பந்தயம்! இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு ஒரு கார் தயாராவது எப்படி?

வல்லக்கோட்டையில் ஏழு அடி உயரத்தில் நிற்கும் முருகனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, வழியெங்கும் இன்னொரு தரிசனமும் கிடைக்கும். புத்தம் புது கார்களை அடுக்கிக்கொண்டு ஊர்ந்து போகும் நீளமான டிரெய்லர்கள்! ஒரகடத்தில் ரெனோ கார் தொழிற்சாலை, பாரத் பென்ஸ் லாரித் தொழிற்சாலை, அப்போலோ டயர்ஸ். வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டும் யமஹாவும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமே வண்டிகளின் பிறந்த வீடு.

இந்தத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் முன்பே இங்கே வந்துவிட்ட ஒன்று உண்டு. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் கார் பந்தய மைதானம். ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது 1998-ல். பந்தய மைதானம் 1990-லேயே திறக்கப்பட்டுவிட்டது. ‘மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்’ என்று பல காலம் அழைக்கப்பட்டு, இப்போது ‘மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்’ ஆகியிருக்கிறது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள்.

இங்கே ஓடுகிற எல்லாமே கோடி ரூபாய் கார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நம் தெருவில் நிற்கிற ஸ்விஃப்ட், போலோ மாதிரியான சின்ன கார்களும் இங்கே பந்தயக் கார்கள்தான். ஓட்டுகிறவர்களிலும் பலர் முழுநேர வீரர்கள் இல்லை. வார நாட்களில் வேலை, தொழில் என்று இருந்துவிட்டு, வார இறுதியில் ஹெல்மெட் மாட்டுகிறவர்கள். வீட்டு வாசலில் நின்ற கார், பந்தயக் காராக மாறுவதற்குள் பட்டறையில் என்னென்ன நடக்கிறது?

சோழவரம் சொல்லிக்கொடுத்த பாடம்

சென்னையில் கார் பந்தயத்தின் பழைய முகவரி சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் இறக்குமதி செய்வது எல்லோராலும் முடியாத காலம் அது. ஃபியட், ஹெரால்டு போன்ற குடும்பக் கார்களையே உள்ளூர்ப் பட்டறைகளில் பிரித்து, இளைக்கவைத்து, எஞ்ஜினுக்கு உரமேற்றி ஓட்டினார்கள். இருப்பதை வைத்துச் செய்கிற அந்தக் கைப்பழக்கம்தான் தமிழ்நாட்டுப் பந்தயத்தின் அஸ்திவாரம்.

அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர் கோவை கரிவரதன். ரசிகர்களுக்கு ‘கரி’. மாருதி 800 காரின் 796 சிசி எஞ்ஜினை எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய, சக்கரங்கள் வெளியே தெரிகிற ‘ஃபார்முலா மாருதி’ காரை உருவாக்கினார். உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் பிடிபடும் எஞ்ஜின். பந்தயம் நடுத்தரக் குடும்பத்துப் பையன்களுக்கும் ஓரளவு எட்டியது இதனால்தான். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரரான நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமே ஸ்ரீபெரும்புதூரில், ஃபார்முலா மாருதியில்தான். நடிகர் அஜித்குமாரும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். அதே அஜித்தின் அணி, 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது.

1995-ல் சிறு விமான விபத்தில் கரி மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் அவர் பெயரிலேயே ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ இருக்கிறது. அவர் காட்டிய வழியில், மாருதி ஸ்விஃப்ட் எஞ்ஜின் பொருத்திய எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்கள் இன்று புதியவர்களுக்கு முதல் படியாக இருக்கின்றன.

முதலில் காலி செய்!

ஒரு சாதாரண கார் பட்டறைக்குள் நுழைந்ததும் நடக்கும் முதல் வேலை, உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றுவது. பின் சீட், கார்ப்பெட், ஏ.சி., ஆடியோ, கதவுக்குள் இருக்கும் சத்தம் தடுக்கும் பட்டைகள் எல்லாம் வெளியே. எடை குறையக் குறைய கார் சீக்கிரம் வேகமெடுக்கும், சீக்கிரம் நிற்கும், வளைவில் டயரும் குறைவாகத் தேயும். காசு செலவில்லாமல் கிடைக்கும் வேகம் இது.

அப்படிக் குறைத்த எடையில் ஒரு பங்கைத் திரும்ப ஏற்றுவார்கள். ‘ரோல் கேஜ்’ எனப்படும் இரும்புக்குழாய்க் கூண்டு. கார் உருண்டாலும் கூரை நசுங்கி ஓட்டுநர் தலையில் இறங்காமல் காப்பது இதுதான். சாதாரண சீட் பெல்ட்டுக்குப் பதில் தோள்கள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாவற்றையும் பிடிக்கும் பந்தய பெல்ட் வரும். மருந்து மாத்திரை மாதிரி இதற்கும் காலாவதி தேதி உண்டு. சர்வதேச விதிப்படி ஐந்து வருடம். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும், தேதி முடிந்தால் ஆய்வில் ஏற்க மாட்டார்கள்.

வேகத்தைவிட முக்கியம் பிரேக்!

அனுபவசாலி மெக்கானிக்குகள் எஞ்ஜினைத் தொடுவதற்கு முன் பிரேக்கைத்தான் பார்ப்பார்கள். காரணம் எளிய கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால், காரை நிறுத்த பிரேக் உள்வாங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. அது முழுக்க வெப்பமாக மாறுகிறது. தெருவில் எப்போதாவது ஒருமுறை அழுத்தி பிரேக் பிடிக்கிறோம். டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை.

இங்கேதான் ஒரு சின்ன பாட்டில் உயிர் காக்கிறது. பிரேக் ஆயில்! ‘டாட் 4’ ரகத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஆனால் இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். சூட்டில் அது கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. அதனால் பந்தயத்துக்கு முன் பழைய ஆயிலை முழுக்க வடித்து, புதிதாக ஊற்றி, காற்றை எடுத்துவிடுவது கட்டாய வேலை. சூட்டைத் தாங்கும் தனி ரக பிரேக் பேட்களையும் மாட்டுவார்கள்.

டயர் பேசும் பாஷை

தார்ச்சாலையைத் தொடுவது நான்கு டயர்கள்தான். ஒவ்வொன்றும் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். ஓட ஓட டயர் சூடாகி, உள்ளே காற்றழுத்தமும் ஏறும். அதனால் கிளம்பும்போது கொஞ்சம் குறைவாகவே காற்று வைப்பார்கள். கார் திரும்பி வந்த நொடியே ஒருவர் கேஜுடன் ஓடுவார். ஆறவிட்டால் கணக்கு தப்பிவிடும்!

அழுத்தத்தோடு, டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் சூட்டையும் அளப்பார்கள். நடுப்பகுதி மட்டும் அதிகம் சூடாகியிருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் சூடாகி, நடு ஆறியிருந்தால் காற்று குறைவு. வெளி ஓரம் மட்டும் கொதித்தால், வளைவில் சக்கரம் சாய்கிற கோணத்தை மாற்ற வேண்டும். இந்த எண்களையெல்லாம் ஒரு நோட்டில், தேதி, வெயில் நிலவரத்தோடு எழுதிவைப்பது வழக்கம். அடுத்த பந்தயத்துக்கு அந்த நோட்டுதான் வாத்தியார்.

எஞ்ஜினும் ஒரு பெயின்ட் கோடும்

தொடர்ந்து உச்ச வேகத்தில் சுழலும் எஞ்ஜினுக்கு, நம்மூர் வெயிலில் முதல் எதிரி சூடு. ரேடியேட்டர் அடைப்பில்லாமல் இருக்க வேண்டும், ஹோஸ் கிளிப்புகள் இறுக்கமாக இருக்க வேண்டும். வேகமான வளைவில் எஞ்ஜின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்புக்கு ஆயில் கிடைக்காமல் போகலாம். சில நொடி போதும், பேரிங் போய்விடும். அதைத் தடுக்க ஆயில் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பதுண்டு.

பந்தயக் காரில் நட்டு கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு முக்கியமான நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து சரியான அளவில் முறுக்கி, நட்டிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். ஓடி வந்த பிறகு அந்தக் கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விலையென்னவோ ஒரு டப்பா பெயின்ட்தான்!

ஆய்வில் பாஸ் ஆனால்தான் ஓட்டம்

தயாரான காரை டிராக்குக்கு ஓட்டிக்கொண்டு வர முடியாது. இப்படி மாற்றியமைத்த காருக்குப் பொதுச் சாலையில் அனுமதி இல்லை. லாரியிலோ டிரெய்லரிலோதான் வரும். வந்ததும் அதிகாரிகளின் தொழில்நுட்ப ஆய்வு. கூண்டின் வெல்டிங், பெல்ட்டின் தேதி, தீயணைப்பான் எல்லாம் பார்ப்பார்கள். மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் ஸ்விட்ச், நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறியோடு வெளியிலிருந்தே கண்ணில் படவேண்டும். மயங்கிக் கிடக்கும் ஓட்டுநரைக் காப்பாற்ற ஓடிவருகிறவர் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா? ஓட்டுநரின் ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, எஃப்.எம்.எஸ்.சி.ஐ. வழங்கும் லைசென்ஸ் எல்லாமே சரிபார்க்கப்படும்.

எட்டு, பத்து சுற்றுப் பந்தயம் என்றால் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்த பிறகும் ஜெயித்த காரை எடை போட்டு, தேவைப்பட்டால் பிரித்தும் பார்ப்பார்கள். விதி மீறியிருந்தால் கோப்பை கிடையாது.

வீட்டில் பேச வேண்டிய விஷயம்

இவ்வளவு தயாரிப்புக்குப் பிறகும் ஆபத்து பூஜ்யமாகிவிடாது. 2023 ஜனவரி 8-ம் தேதி, இதே மைதானத்தில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் பந்தயத்தில், மூத்த வீரர் கே.இ.குமார் விபத்தில் உயிரிழந்தார். வயது 59. நீண்ட அனுபவம் கொண்டவர். அன்றைய மீதிப் பந்தயங்கள் கைவிடப்பட்டன. மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ், பாதுகாப்பு வேலி என எல்லாம் இருக்கும் இடத்திலேயே இந்த நிலைமை. எதுவுமே இல்லாத ஈ.சி.ஆரிலும் ஒரகடம் ரோட்டிலும் நள்ளிரவில் ‘ரேஸ்’ விடுகிற பிள்ளைகளின் நிலைமை?

மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பந்தயத்தில் நேரும் சேதத்துக்கு வழக்கமான கார் இன்ஷூரன்ஸ் பணம் தராது என்பதும் பலருக்குத் தெரியாது. டிராக்கில் முறையாக ஓட்டினாலும் அப்படித்தான். பம்பர் உடைந்தாலும் எஞ்ஜின் போனாலும் கைக்காசுதான்.

வேகத்தின் மேல் ஆசைப்படும் மகனையோ மகளையோ திட்டி அடக்குவதைவிட, முதலில் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பலாம். கோ-கார்ட்டில் தொடங்கலாம். எடுத்த எடுப்பில் சொந்தமாகக் கார் கட்ட வேண்டியதில்லை. 2010-ல் வந்த போலோ கப் போல எல்லோருக்கும் ஒரே மாதிரிக் காரை ஏற்பாட்டாளர்களே தரும் பந்தயங்களும், வாடகைக்குக் கார் தரும் அணிகளும் உண்டு. அதற்கும் முன்னால், ஒரு சீஸன் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கச் சொல்லுங்கள். தான் முறுக்கிய நட்டை நம்பி இன்னொருவர் 150 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்று தெரிந்த பிள்ளை, அம்மாவின் ஸ்கூட்டரைக்கூட நிதானமாகத்தான் எடுக்கும்.

உங்கள் காருக்கும் இது பொருந்தும்!

* பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அல்லது உங்கள் கார் கையேடு சொல்கிறபடி மாற்றுங்கள். அளவு குறையவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியாது.
* டயர் காற்றை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலை நேரத்தில் பாருங்கள். மாதம் ஒருமுறையாவது. ஸ்டெப்னியையும் சேர்த்து!
* டயர் ஓரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், புது டயர் வாங்கும் முன் அலைன்மென்ட் பாருங்கள்.
* பஞ்சர் ஒட்டி சக்கரம் மாட்டிய பிறகு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.
* நீண்ட பயணத்துக்கு முன் டிக்கியைக் காலி செய்யுங்கள். தேவையில்லாத சுமை, பெட்ரோலையும் பிரேக்கையும் சேர்த்தே தின்னும்.
* சர்வீஸ் விவரங்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் கைகொடுக்கும்.

எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பும் வழக்கத்தை விடவேண்டாம். பழத்தை வைக்கக் குனியும்போது அப்படியே டயரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்!